பெட்ரோல் சின்னக் கார்களுக்கு இனி காலம் உண்டா? வணிகர் போட வேண்டிய கணக்கு

மளிகைக் கடையானாலும், எண்ணெய் மண்டியானாலும், பலசரக்கு மொத்த வியாபாரமானாலும், மதுரை வட்டாரத்தில் ஒரு வணிகர் வாங்கும் முதல் கார் பெரும்பாலும் பின்கதவைத் தூக்கித் திறக்கும் சின்னக் காராகத்தான் இருந்து வந்திருக்கிறது. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட, பிறகு கடைக்கு வர, வசூலுக்குப் போக, அவசரத்துக்கு இரண்டு மூட்டைச் சீனியைப் பின்னால் போட்டுக் கொண்டு வர, ஆடி மாதம் குலதெய்வம் கோவிலுக்குக் குடும்பத்தோடு போய்வர என்று எல்லா வேலைக்கும் அந்த ஒரே வண்டிதான்.

இப்போது எங்கு பார்த்தாலும் மின்சாரக் கார் பற்றிய பேச்சு. "பெட்ரோல் காரை இனி யாரும் வாங்க மாட்டார்கள், இப்போதே தள்ளிவிடுங்கள்" என்கிறார் ஒருவர். "பேட்டரி வண்டியை நம்பாதே, நடுரோட்டில் நின்றுவிடும்" என்கிறார் இன்னொருவர். இருவர் பேச்சையும் கேட்டுக் குழம்பி நிற்பவர்கள் நம்மில் பலர். ஐந்து லட்சம், பத்து லட்சம் என்பது சிறு வணிகருக்கு ஒரு தீபாவளிச் சரக்கின் முதல். அதை எதில் போடுவது என்பதை வதந்தியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. எனவே இது பற்றி நமக்குத் தெரிந்த விவரங்களைத் தொகுத்துத் தருகிறோம்.

சின்னக் கார் வந்த வழி

மாருதி 800 கார் 1983 டிசம்பர் 14-ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அன்றைய விலை ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் கீழே. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய சாலைகளில் குறைந்த பெட்ரோலில் ஓடும், ஒரு கையால் திருப்பும் வண்டி வந்ததும் நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1998-ல் நம் மாநிலத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், ஹூண்டாய் நிறுவனம் சான்ட்ரோவைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வேகன்-ஆர், 2000-ல் ஆல்ட்டோ, 2005-ல் ஸ்விஃப்ட் என்று வரிசையாக வந்தன. மாசி வீதிகளின் நெரிசலில் நுழைந்து திரும்பவும், சின்னச் சந்தில் நிறுத்தவும் இவை தோதாக இருந்தன. எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைத்தார்; எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைத்தது. விற்கப் போனாலும் நல்ல விலை கிடைத்தது. இந்த மூன்றும் சேர்ந்துதான் இந்தக் கார்கள் மீது மக்களுக்கு இவ்வளவு பிரியம் உண்டாயிற்று.

இவற்றில் சில இன்று இல்லை. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. வியாபாரிகளின் வண்டி என்றே பெயர் பெற்ற ஆம்னி 2019-ல் நின்றது. சான்ட்ரோ 2014-ல் நின்று, 2018-ல் திரும்பி வந்து, 2022-ல் மறுபடியும் நின்றது. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் கார் தயாரிப்பை 2022-ல் முடித்துக்கொண்டது. அந்த நிறுவனத்தின் ஃபிகோவும் நின்றுபோயிற்று.

இவற்றை நிறுத்தியது மின்சாரக் கார் என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் வேறு. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 புகை விதி வந்தது. மோதல் பாதுகாப்பு விதிகளும் வந்தன; ஆம்னி நின்றதற்குக் காரணம் அதுவே. 2022 முதல் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயமாயிற்று. உயிருக்குப் பாதுகாப்பான இந்த விதிகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு விதியும் விலையை ஏற்றியது. சின்னக் கார் வாங்குபவருக்கு முப்பதாயிரம் ஏறினாலே பெரிது. மறுபுறம், கொஞ்சம் வசதி உள்ளவர்கள் உயரமான எஸ்.யூ.வி. வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு நாட்டில் விற்ற கார்களில் ஏறக்குறையப் பாதி சின்னக் கார்கள். இப்போது கால் பங்கு அளவில் நிற்கிறது. இதுவரை சின்னக் காரின் சந்தையைப் பிடித்துக்கொண்டது மற்றொரு பெட்ரோல் வண்டிதான்.

இதற்கு ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதன் மேல் இருந்த செஸ்ஸும் போய், 18 சதவீதம் ஆயிற்று. ஆல்ட்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ போன்றவற்றின் ஆரம்ப மாடல் ஷோரூம் விலை அப்போது 4 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. மின்சாரக் காருக்கு 5 சதவீத வரி அப்படியே இருந்தது. ஆகவே இரண்டுக்கும் இடையே இருந்த வரி வித்தியாசம் குறைந்தது.

பதினைந்து வருடக் காரை அரசு பிடித்துக்கொள்ளுமா?

நம் கடைவீதியில் அதிகம் உலவும் பயம் இதுதான். 10 வருட டீசல் வண்டியும் 15 வருட பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்ற தடை தில்லி வட்டாரத்துக்கு உரியது. அங்குள்ள காற்று மாசு காரணமாக 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதிலும் 2025-ல் உச்ச நீதிமன்றம் சில தளர்வுகளை அளித்தது. மதுரைக்கு அந்தத் தடை பொருந்தாது. பெட்ரோல் கார் விற்பனையை இந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை.

இங்குள்ள நடைமுறை இதுதான். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, எஃப்.சி. பெற்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். பசுமை வரியும் கட்ட வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். அதாவது பழைய காரைத் தடை செய்யவில்லை. வைத்திருப்பதற்கான செலவை ஏற்றியிருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை அறியாமல், நன்றாக ஓடும் காரைப் பயந்துபோய் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகள் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய கார்களில் மைலேஜ் சற்றுக் குறையும். ரப்பர் குழாய், கேஸ்கட் போன்றவை சீக்கிரம் தேயலாம். சர்வீஸுக்கு விடும்போது இவற்றைப் பார்க்கச் சொல்லி, மாற்ற வேண்டியதை மாற்றிவிடுவது நல்லது. மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்கில் பெட்ரோலை நிரப்பி வைத்திருப்பதையும் தவிர்க்க வேண்டும்.

ஓட்டம்தான் தீர்ப்புச் சொல்லும்

இனி கணக்குக்கு வருவோம். கீழே உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் வண்டிக்கும் அன்றைய விலைக்கும் தக்கபடி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஊருக்குள் லிட்டருக்கு 15 கி.மீ. என்றால், ஒரு கி.மீ.க்கு 6 ரூபாய் 67 காசு ஆகிறது. சிறிய மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் 7 கி.மீ. ஓடும், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து கி.மீ.க்கு ஒன்றரை ரூபாய். மிச்சம் ஏறக்குறைய 5 ரூபாய். இதைக் கேட்டவுடன் எவருக்கும் ஆசை வரும். ஆனால் ஒரே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் காருக்குக் கூடுதலாக 3 லட்சம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி போட்டால் வருடத்துக்கு 30,000 ரூபாய். வட்டியை மறந்து போடும் கணக்கு வணிகர் கணக்கு ஆகாது.

கீழமாசி வீதியில் கடை, கே.கே.நகரில் வீடு என்று உள்ளவர் ஒரு நாளைக்கு 15 கி.மீ. ஓட்டுவார். வருடத்துக்கு 300 நாள் என்றால் 4,500 கி.மீ. மிச்சம் 22,500 ரூபாய். வட்டிக்கே 7,500 ரூபாய் துண்டு விழுகிறது. இவர் எரிபொருள் செலவை நினைத்து மின்சாரக் கார் வாங்கினால் நட்டம்தான்.

மேலூரில் கடை வைத்திருப்பவர் தினமும் மதுரைக்கு வந்து சரக்குப் பேசி, வசூல் பார்த்துத் திரும்பினால் போக வர 60 கி.மீ. வருடத்துக்கு 18,000 கி.மீ. மிச்சம் 90,000 ரூபாய். வட்டி போக 60,000 நிற்கிறது. ஐந்தாண்டில் கூடுதல் முதல் கைக்கு வந்துவிடும். உசிலம்பட்டியிலிருந்து தினமும் வந்து போகிறவருக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

நடுவில் உள்ளவர்கள் என்ன செய்வது? டாடா டியாகோ மின்சாரக் காருக்கு பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்று நிறுவனம் அறிவித்து விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்த 8 ஆண்டுக்குள் 3 லட்சம் திரும்ப வேண்டும் என்றால் வருடத்துக்கு முதலில் 37,500, வட்டி 30,000, ஆக 67,500 ரூபாய் மிச்சமாக வேண்டும். அதற்குத் தினம் 45 கி.மீ. ஓட வேண்டும். முதல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்று போட்டால் 36 கி.மீ. போதும். இதைச் சுருக்கமாகச் சொன்னால், தினம் 20 கி.மீ.க்குக் கீழே என்றால் பெட்ரோல். 45-க்கு மேலே என்றால் மின்சாரம். இடையில் உள்ளவர்கள் தத்தம் விலையைப் போட்டுப் பார்க்க வேண்டும். விலை வித்தியாசம் 3 லட்சத்திலிருந்து 2 லட்சமாகக் குறைந்தால் இந்தக் கோடுகளும் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்.

கையில் உள்ள பழைய காருக்கும் இதே முறைதான். 12 வருடக் காருக்கு வருடத்தில் 25,000 ரூபாய் ரிப்பேர் ஆகிறது என்று சலித்துக்கொள்கிறோம். 8 லட்சத்துக்குப் புதுக் கார் எடுத்தால் வட்டி மட்டும் 80,000 என்பதையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பாடி துருப்பிடிக்காமல், இன்ஜின் புகை தள்ளாமல், பிரேக் நல்ல நிலையில் இருந்தால், குறைந்த ஓட்டம் உள்ளவருக்குப் பழைய காரே லாபம். ஆனால் ஏர்பேக் இல்லாத பழைய வண்டியில் குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் வேகமாகப் போவது வேறு விஷயம். அதைப் பணக் கணக்கில் மட்டும் பார்க்கக் கூடாது.

சார்ஜ் எங்கே போடுவது?

கணக்கு சரியாக வந்தாலும் அடுத்த கேள்வி இது. மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் காரைத் தெருவில்தான் நிறுத்துகிறார்கள். இரவு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிற்கும். மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டுத் தெருவில் சார்ஜ் போடுவது ஆபத்து. சொந்த ஷெட்டோ, குடோன் வளாகமோ உள்ளவர்களுக்கே மின்சாரக் கார் தோதுப்படும். சிறிய பேட்டரிக் காருக்கு 15 ஆம்பியர் பிளக்கில் 7 முதல் 9 மணி நேரம் ஆகும். தனி ஒயர், எர்த், டிரிப்பர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்த பிறகே சார்ஜ் போட வேண்டும்.

கரண்ட் பில்லிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தினம் 60 கி.மீ. ஓடும் காருக்கு இரண்டு மாதத்தில் 400 யூனிட்டுக்கு மேல் ஆகும். வீட்டு இணைப்பில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறி, முன்பு குறைந்த விலையில் வந்த யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும். எனவே யூனிட் இவ்வளவு என்று பொதுவாகப் போடாமல், உங்கள் வீட்டு அட்டையை வைத்துக்கொண்டு, காருக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். சாலையோர நிலையங்களில் யூனிட் 20 ரூபாய்க்குச் சார்ஜ் போட்டால் கி.மீ.க்கு 3 ரூபாய் ஆகிவிடும். அப்போது மேலே சொன்ன 45 கி.மீ. என்பது 64 கி.மீ. ஆக உயரும்.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறுவனம் சொல்லும் தூரம் சோதனைச் சாலையில் கிடைப்பது. சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு, ஐந்து பேர் ஏறி, வேகமாகப் போனால் அதில் ஒரு பகுதி குறையும். மதுரையிலிருந்து விருதுநகர் போய் அன்றே திரும்புவதற்குச் சிறிய பேட்டரியே போதும். அடிக்கடி சென்னை, கோவை போகிறவருக்குச் சின்ன மின்சாரக் கார் ஒரே வண்டியாகப் பயன்படாது.

சரக்குக்குச் சரக்கு வண்டி

நம் சின்னக் கார் இத்தனை நாளும் குடும்ப வண்டியாகவும் சரக்கு வண்டியாகவும் இரண்டு வேலை பார்த்து வந்தது. இதில் ஒரு ஆபத்து உண்டு. தனியார் காருக்கான இன்சூரன்ஸ் பாலிசியில் மாதிரிப் பொருளும் சொந்தப் பெட்டி படுக்கையும் தவிர, சரக்கு ஏற்றுவது விலக்கு என்றே எழுதியிருக்கும். மூட்டையோடு போகும்போது விபத்து நேர்ந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரும். பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

மின்சாரம் வெற்றி கண்டிருக்கும் இடங்களில் ஒன்று மூன்று சக்கர வண்டிப் பக்கம். நாட்டில் விற்கும் மூன்று சக்கர வண்டிகளில் இப்போது பாதிக்கு மேல் மின்சார வண்டிகள். நாள் முழுதும் ஓடி, இரவில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்கு இந்த முறை பொருத்தமானது. கீழமாசி வீதியிலிருந்து செல்லூர், வில்லாபுரம், ஆனையூர் என்று கடைகடையாகச் சரக்குப் போடுகிறவர் மின்சார லோடு ஆட்டோவை விசாரித்துப் பார்க்கலாம். வரியிலும் இதற்குச் சாதகம் இருக்கிறது. சொந்த உபயோகக் காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைப் பொதுவாக உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. அது மின்சாரக் காரானாலும் அப்படியே. சரக்கு வண்டிக்குக் கழிக்கலாம். வருமான வரியில் சாதாரணக் காருக்குத் தேய்மானம் 15 சதவீதம், மின்சார வாகனத்துக்கு 40 சதவீதம் என்று விதி இருந்து வந்திருக்கிறது. விற்றுமுதலில் சதவீதம் காட்டி வரி கட்டுகிறவர்களுக்குத் தனித் தேய்மானம் கிடையாது. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

சரக்கு வேலை தனி வண்டிக்குப் போய்விட்டால் சின்னக் காரின் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்த காருக்கு, மேலே பார்த்தபடி, பெட்ரோலே போதும். இருக்கிற காரும் இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

வெளிநாட்டிலும் நம் ஊரிலும்

நார்வே நாட்டில் 2024-ல் விற்ற புதுக் கார்கள் பத்தில் ஒன்பது அளவுக்கு மின்சாரக் கார்கள். அங்கு பல ஆண்டுகளாகப் பெட்ரோல் காருக்கு வரியை ஏற்றி, மின்சாரக் காருக்குச் சலுகை கொடுத்தார்கள். ஐரோப்பாவில் பலரும் விரும்பிய ஃபோர்டு ஃபியஸ்டா என்ற சின்னக் கார் 2023-ல் நின்றது. ரெனோ நிறுவனமோ தன் பழைய 'ரெனோ 5' பெயரை மின்சாரக் காருக்குச் சூட்டி 2024-ல் திரும்பக் கொண்டு வந்தது. 2035-க்குப் பின் புதுப் பெட்ரோல் கார் கூடாது என்று சட்டம் செய்த ஐரோப்பிய ஒன்றியத்திலேயே, அதைத் தளர்த்த 2025 டிசம்பரில் முன்மொழிவு வந்தது. போகும் திசை மின்சாரம்தான். வேகம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

நம் பக்கத்திலும் திசை அதுவே. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. முதலில் அங்கே பூட்டுவது எஸ்.யூ.வி. வண்டிகள்; விலை குறைந்த சின்ன மின்சாரக் கார் நிறைய வந்தால்தான் நம் கணக்கு மாறும்.

மதுரைக்கு எரிபொருள் மாற்றம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுக்கும் 'காஸ் பிளாண்ட்' செய்து வண்டிகளை ஓட்ட வழி செய்தது. தட்டுப்பாடு தீர்ந்ததும் பெட்ரோல் திரும்பி வந்தது. அன்றும் எது மலிவாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் கிடைத்ததோ அதில்தான் வண்டி ஓடிற்று.

வாங்கும் முன்

ஒரு மாதம் காரின் கி.மீ. மீட்டரைத் தினமும் நோட்டில் குறித்து வாருங்கள். நம்மில் பலர் தாம் ஓட்டுவதாக நினைப்பதற்கும் உண்மையில் ஓட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். சார்ஜ் போடச் சொந்த இடம் உண்டா என்று பாருங்கள். மின்சாரக் கார் என்றால் பேட்டரி உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். அருகில் சர்வீஸ் எங்கே என்று கேளுங்கள். பழைய மின்சாரக் கார் என்ன விலைக்குப் போகிறது என்றும் விசாரியுங்கள். சாலை வரிச் சலுகை அன்றைய தேதியில் உண்டா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிந்துகொள்ளுங்கள். சி.என்.ஜி. கார் என்றால் பங்க் உங்கள் வழியில் இருக்கிறதா, சிலிண்டர் போகப் பின்னால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று பாருங்கள்.

நம் சின்னக் கார்கள் இன்னும் பல ஆண்டுகள் மதுரைத் தெருக்களில் ஓடும். அவற்றை எப்போது மாற்றுவது என்பதற்கான விடை உங்கள் மீட்டரிலும் உங்கள் பேரேட்டிலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டாரையும் கலந்து முடிவு செய்யுமாறு வணிக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.